பூனையை முதலில் விசாரிப்பவர்கள்

1

இந்தக் கதையை நான் பொறாமையில் எழுத ஆரம்பித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம்.

பாபநாசத்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் பரிதி, என் மனைவி மதிவதனியிடம் பள்ளியில் விலங்கியல் படித்தவர். தஞ்சாவூருக்கு எந்த வேலையாக வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு காபி குடிக்காமல் போகமாட்டார். போன மாசியில் அப்படி வந்தபோது பேச்சு பூனைகள் பக்கம் போனது. பூனை வழியாக மனிதருக்கு வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்ற தொற்றைப் பற்றி நான்தான் கேட்டேன், விஷயம் தெரிந்தவன்போலக் காட்டிக்கொள்ள.

"நம்ம ஊர் வீட்டுப் பூனைங்கள்ல எத்தனைக்கு இது இருக்கும்?"

பரிதி கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் கணக்கை விட்டுவிட்டு, பாபநாசத்தில் ஒரு கணவன், மனைவி, பூனை என்று கதைக்குப் போய்விட்டார். மதிவதனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் அடுப்பை அணைத்ததில்லை. "சொல்லுங்க, காது கேக்குது" என்பாள். தாளிக்கிற சத்தத்துக்கு மேலே கத்திக்கத்தித்தான் என் அத்தனை பாத்திரங்களும் செத்தார்கள், பிழைத்தார்கள்.

பரிதி போனதும் மேசையில் உட்கார்ந்தேன். அந்தக் கதையை அவரைவிட நன்றாகச் சொல்லிக் காட்ட வேண்டும். அடுப்பு அணைய வேண்டும். இந்த முறை நான் பேனாவைத் தொட்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்:

டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்பது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்றால் ஏற்படும் தொற்றாகும். இது பூனைகளின் குடலில்—

[வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டலாம். கதைக்கு ஆகாது.]

இரண்டாம் தொடக்கம்:

குடமுருட்டியில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிய ஒரு காலையில், பாபநாசத்தின்—

[இதுவும் வேண்டாம். எங்கள் ஜில்லாவில் எழுதுகிறவனுக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் உடனே மதகைத் திறந்துவிடுவான். நானும் எத்தனையோ கதையில் திறந்திருக்கிறேன்.]

மூன்றாம் தொடக்கம்:

சுமையாவுக்கு அந்தப் பூனையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

இது இருக்கட்டும். இதை எழுதியபோது எனக்கும் லேசாகப் பற்றிக்கொண்டு வந்தது. அது நல்ல சகுனம்.

3

சுமையாவுக்கு அந்தப் பூனையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பூனை என்ற ஜாதியின் மேல் அவளுக்கு விரோதம் ஒன்றும் இல்லை. அவள் பிறந்து வளர்ந்தது அதிராம்பட்டினத்தில். மீன் வருகிற ஊரில் பூனைக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு, மதில்மேல் எட்டு. அவற்றோடெல்லாம் அவளுக்கு ஒரு தகராறும் கிடையாது. இந்த ஒன்றோடுதான்.

கல்யாணமாகி, விடுமுறை முடிந்ததும் அவள் கணவன் ஃபாஜில் தம்மாமுக்குத் திரும்பிப் போய்விட்டான். அங்கே அவன் ஏசி மெக்கானிக். பிறகு நாலு வருஷம் குடித்தனம் முழுக்க வீடியோ காலில் நடந்தது. பாபநாசத்து வீட்டில் பின்வாசல் கதவுக்குப் பக்கத்தில்தான் சிக்னல் சரியாகக் கிடைக்கும். அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுமையா உட்காருவாள். அந்தப் பக்கத்திலிருந்து ஃபாஜில், "கண்ணு, சாப்பிட்டியா?" என்று ஆரம்பிப்பான். கண்ணு, தலைக்கு எண்ணெய் வெச்சியா. கண்ணு, அந்தப் பச்சைச் சேலைய கட்டிக்க. கண்ணு, கண்ணு என்று அவன் கூப்பிட்டதை எல்லாம் ஒன்றுமேல் ஒன்றாக அடுக்கினால் கூரையைத் தொடும்.

ஒருநாள் அவன் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். கடைத்தெருவில் ஏசி, பிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை போட்டான். சுமையா காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் வந்தவன் வாய் திறக்கவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தால் கீழே பார்த்தான். "இந்தா, தண்ணி கொண்டா." "இந்தா, சாவி எங்க?" நாலு வருஷம் கண்ணாக இருந்தவள் இந்தாவாகிப் போனாள்.

அடுத்த மாதமே பழைய பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் ஒரு பூனைக்குட்டி கிடந்ததென்று தூக்கிக்கொண்டு வந்தான். பால் வெள்ளை, முதுகில் மட்டும் பழுப்பு. குல்ஃபி என்று பெயர் வைத்தான்.* குல்ஃபி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேராகப் போய் நீல நாற்காலியில் ஏறிச் சுருண்டது. ஃபாஜில் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "வா கண்ணு, சாப்பிட்டியா கண்ணு?" என்றான்.

அடுப்படியில் இருந்த சுமையா கரண்டியைக் கீழே வைத்தாள்.

நாற்காலியும் போயிற்று, பெயரும் போயிற்று. இனி பொறாமைப்படக் கூடாது என்று யார் அவளுக்குச் சொல்வது? நான் சொல்லமாட்டேன்.

அவள் கோலா உருண்டை செய்தால் தெருவே மணக்கும். அரைத்த கறி மசாலாவில் உப்பு சரியாக இருக்கிறதா என்று, பொரிப்பதற்கு முன்னால் ஒரு துளி எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவாள். அவள் நாக்கு பொய் சொல்லாது. பெருநாளன்று பக்கத்து வீட்டுப் பெண்கள்கூடக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, "சுமையா, உப்பு பாரு" என்று வருவார்கள். அப்படிச் செய்த உருண்டையைத் தின்றுவிட்டு ஃபாஜில் பூனையிடம் சொல்வான்: "கண்ணு, இன்னைக்குக் கோலா உருண்டை பிரமாதம், தெரியுமா?"

செய்தவள் நாலு அடி தள்ளி நிற்கிறாள். பாராட்டு பூனைக்குப் போகிறது.

* முதல் பிரதியில் இதற்கு மல்லி என்று பெயர் வைத்திருந்தேன். மதிவதனி எட்டிப் பார்த்து, "மல்லின்னா சாது மாதிரி இருக்கே, அந்தப் பூனைக்கு ஒரு திமிர் வேணும்" என்றாள். சுமையாவின் பெயரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

4

சுமையா உண்டாகி, அஞ்சாம் மாதம் கும்பகோணத்தில் டாக்டரம்மாவிடம் போனபோது, அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வீட்ல பூனை வளக்குறீங்களா?"

"வளக்குறாங்க" என்றாள் சுமையா, யாரோ அடுத்த வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

டாக்டரம்மா நிமிர்ந்தார். கர்ப்பத்தின்போது முதல்முறையாக அந்தத் தொற்று வந்தால் குழந்தைக்குப் போகலாம், கண்ணுக்கும் மூளைக்கும் கெடுதல் வரலாம், எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம் என்றார். பயப்பட வேண்டாம், பூனைக் கழிவை நீங்கள் தொடாதீர்கள், கறியை நன்றாக வேகவையுங்கள், கீரையைக் கழுவுங்கள் என்றும் சொன்னார்.

சுமையாவுக்குப் பயம் வந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது நிஜமான பயம், அதில் கலப்படம் இல்லை. ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே, வாலைப் பிடித்துக்கொண்டு, ஒரு சந்தோஷமும் வந்தது. இத்தனை நாள் அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை டாக்டரே சொல்லிவிட்டார்.

[இந்த இடத்தில் சுமையா என்னிடமிருந்து நழுவப் பார்க்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரியின் பயத்துக்குள் சந்தோஷத்தைத் திணிக்கிறாயே, நீ உருப்படுவாயா என்கிறாள். நான் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அது அங்கேதான் இருக்கிறது.]

"மச்சான், டாக்டர் சொன்னது கேட்டுச்சுல்ல? பூனைய எங்கயாச்சும் விட்டுட்டு வந்துருங்க."

ஃபாஜில், "அதுக்கு இருக்கா இல்லையான்னு பாத்துருவோமே" என்றான்.

அப்படித்தான் மூன்று பேரும் ஸ்கூட்டரில் பரிதியிடம் போனார்கள். குல்ஃபி நடுவில், கூடையில்.

பரிதி அன்று அவர்களிடம் சொன்னதை எங்களிடமும் சொன்னார். மதிவதனி அடுப்பை அணைத்தது இந்த இடத்தில்தான்.

"கணக்கு ஊருக்கு ஊர் மாறும்ங்க. உலகம் முழுக்கப் பாத்தா, மூணு பூனைக்கு ஒரு பூனை எப்பவாவது இதை வாங்கியிருக்கும்னு சொல்றாங்க. தெருவுல எலி, குருவி புடிச்சுத் திங்கிறதுக்கு அதிகம். வீட்டுக்குள்ளயே வேகவெச்சதைத் தின்னு வளர்றதுக்குக் கம்மி. நம்ம பாபநாசத்துல எத்தனைன்னு யாரு எண்ணுனா? யாரும் எண்ணல."

"அப்ப இதுக்கு இருக்கலாம்ல?" என்றாள் சுமையா.

"இருக்கலாம். ஆனா பாருங்க, வந்தாலும் ஒரு பூனை பெரும்பாலும் வாழ்நாள்ல ஒரு தடவைதான் கிருமிய வெளியில விடும். ஒண்ணு ரெண்டு வாரம், அதிகம் போனா மூணு. அதோட சரி. ரத்தத்துல பாசிட்டிவ்னு வந்தா, அது பரீட்சை எழுதி முடிச்ச பூனை. அதைப் பத்திக் கவலை கம்மி. நெகட்டிவ்னு வந்தா, இனிமே எழுதப்போற பூனை. அதை எலி கிட்ட விடாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான்."

சுமையாவுக்கு இது பிடிக்கவில்லை. இருந்தாலும் தப்பித்துவிடும், இல்லாவிட்டாலும் தப்பித்துவிடும். அப்படியென்ன அதிர்ஷ்டம் அந்தக் கழுதைக்கு.

குல்ஃபியின் ரத்தமும் சென்னைக்குப் போயிற்று, சுமையாவின் ரத்தமும் பரிசோதனைக்குப் போயிற்று. முடிவு வரும்வரை பூனை வீட்டில் வேண்டாம் என்று ஃபாஜிலே சொன்னான். கூடையோடு கடைக்குக் கொண்டுபோய்விட்டான்.

5

அன்று சாயங்காலம் சுமையா நீல நாற்காலியைத் துடைத்தாள். உட்காரவில்லை. ஃபாஜில் வந்ததும் அவன் பார்க்கும்படி உட்கார வேண்டும் என்று காத்திருந்தாள்.

ஃபாஜில் சீக்கிரம் வருவதில்லை இப்போது. கடையை மூடிய பிறகும் பூனைக்குச் சோறு வைத்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு வருகிறான். சட்டையெல்லாம் வெள்ளை முடி. சக்களத்தி வீட்டுக்குப் போய்வருகிறவன்கூட இதைவிடப் பதவிசாகத் தட்டிவிட்டுக்கொண்டு வருவான். வீட்டில் இருந்தபோதாவது அவன் பூனையிடம் பேசுவது அவள் காதில் விழும். இப்போது அதுவும் இல்லை. வீடு முழுக்க "இந்தா" மட்டும்தான்.

இதுவரை பரிதி சொன்னது. "அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை பூனை காணாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் காபியைக் குடித்துவிட்டார். எப்படிப் போயிற்று என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் அந்தப் பொறாமை ஜுரத்தில் கிடப்பவன்தானே.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துக்கு ஃபாஜில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவான். கடைத்தெருவில் எல்லாரும் அப்படித்தான், யாரும் பூட்டமாட்டார்கள். சுமையா சாப்பாடு கொண்டுவருகிறவள்போல ஒயர்கூடையோடு வந்தாள். குனிய முடியாமல் குனிந்து ஷட்டருக்குள் போனாள். குல்ஃபி ஒரு பழைய கம்ப்ரஸரின் மேல் படுத்திருந்தது. தூக்கினால் பிறாண்டும் என்று பயந்துகொண்டுதான் தூக்கினாள். பிறாண்டவில்லை. அவள் முந்தானையில் முகத்தைத் தேய்த்தது. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

ஆட்டோவில் ஏறி, கும்பகோணம் ரோட்டில் கொஞ்சதூரம் போய், நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். குறுவை அறுப்பு நேரம். ரோட்டோரம் முழுக்க நெல் குவியல், தார்ப்பாய், மூட்டை, ஈரப்பதம் பார்க்க வரிசையில் நிற்கிற சனம். எலிக்குக் குறைவில்லாத இடம், பட்டினி கிடக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூடையைச் சாய்த்தாள். குல்ஃபி இறங்கி, நெல்லை மோந்து பார்த்தது.

ஃபாஜில் வந்து கேட்டபோது, "ஷட்டரத் தொறந்து போட்டுட்டுப் போனா, அது இருக்குமா?" என்றாள்.

அவன் அதை அப்படியே நம்பிவிட்டான். தன் மேல்தான் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டான். சாயங்காலம் வாய்க்கால் கரையோரம் அவன் "கண்ணு, கண்ணு" என்று கூவிக்கொண்டு போவது பின்வாசல்வரை கேட்டது. பூனையை விரட்டியாயிற்று. பெயர் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

[இதுவரை எழுதி மதிவதனியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, முகம் வாடி, "ஏங்க, அந்த ரோட்ல லாரி நிறைய போகுமே, பூனைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். சுமையாவைப் பற்றி? கேட்கவில்லை. அஞ்சு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பாதி ஷட்டருக்குள் குனிந்து போயிருக்கிறாள். அதை எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மதிவதனிக்குப் பூனை மேல் லாரி ஏறாமல் இருக்க வேண்டும். அன்றிலிருந்து குல்ஃபியை எனக்கும் பிடிக்கவில்லை.]

6

இரண்டு முடிவுகளும் ஒரே வாரத்தில் வந்தன.

பூனைக்கு ஒன்றும் இல்லை. ஒருமுறைகூட அந்தத் தொற்று அதைத் தொட்டதே இல்லை. பழுதில்லாத சுத்தமான ரத்தம்.

சுமையாவுக்கு இருந்தது. பழைய தொற்று, எப்போதோ வந்து போனது. புதிதாக ஒன்றும் இல்லை.

"நல்ல செய்திதான்மா" என்றார் டாக்டரம்மா. "ரொம்ப நாள் முன்னாடியே வந்து, உடம்பு எதிர்ப்பு சக்தி உண்டாக்கிக்கிச்சு. குழந்தைக்குப் பயம் இல்ல. நிம்மதியா இருங்க."

நிம்மதியா இருங்க என்றால் இருந்துவிட முடியுமா? பாபநாசத்துக்குத் திரும்பியதும் அவள் தனியாகப் பரிதியிடம் போனாள்.

"எனக்கு எப்படி டாக்டர் வந்துச்சு? அது மடியில நான் படுத்தேனா, என் மடியில அது படுத்துச்சா?"

"பூனைகிட்ட இருந்துதான் வரணும்னு இல்லீங்க. மண்ணுல இருந்து வரலாம், சரியாக் கழுவாத கீரைல வரலாம், வேகாத கறில வரலாம். பச்சைக் கறிய வாயில வைக்கிற பழக்கம் எதும் உண்டா?"

சுமையா உடனே இல்லை என்று தலையாட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள்.

கிண்ணம் கிண்ணமாக வந்த பெருநாள்கள் ஞாபகம் வந்தன. சுமையா, உப்பு பாரு. அந்தத் தெருவில் அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அந்த நுனிநாக்குதான்.

"அதுலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் பரிதி. "அதுலயும் வந்திருக்கலாம், அவ்வளவுதான். இனிமே வெந்ததும் பாருங்க." பிறகு, சும்மா கேட்பதுபோல, "பூனை கிடைச்சுதா? வெளிய எலி புடிச்சுத் தின்னுச்சுன்னா, இனிமேதான் அதுக்கு வரும். பாவம், இத்தனை நாள் ஒண்ணும் இல்லாம இருந்துச்சு" என்றார்.

வீட்டைச் சுத்தமாக வைக்கிறேன் என்று அவள் விரட்டியது, வீட்டிலேயே சுத்தமாக இருந்த ஒன்றை.

7

அடுத்த நாளே கொள்முதல் நிலையத்துக்குப் போனாள். கூடை எடுத்துக்கொண்டு போனாள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். திரும்பக் கொண்டுவரத்தான் போனாள்.

அங்கே சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த அம்சம் என்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரத் தேடுறீங்க தங்கச்சி? மாசமா வேற இருக்கீங்க, வெயில்ல நிக்காதீங்க."

"ஒரு வெள்ளப் பூனை..."

"நம்ம ராசாத்தியா?" அம்சத்தின் முகம் மலர்ந்தது. "எந்தப் புண்ணியவான் கொண்டாந்து விட்டானோ. எலி புடிக்கிறதுல அதை அடிச்சுக்க ஆள் இல்ல. மத்தியானம் என் தூக்குச் சட்டியிலதான் அதுக்கும் சோறு. உங்க பூனையா?"

குல்ஃபி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. சுமையாவைப் பார்த்தது. எழுந்து வரவில்லை. அம்சம் நாக்கைச் சப்புக்கொட்டியதும் துள்ளி இறங்கி, அவள் காலைச் சுற்றி வந்தது.

அம்சம்கூட அதைக் கொஞ்சுகிறாள். ஊர் பேர் தெரியாத ஒரு இடத்தில் கொட்டிவிட்டு வந்தாலும், ஒரு வாரத்தில் ராசாத்தியாகிவிடுகிறது. தான் நாலு வருஷம் காத்திருந்தும் இந்தாதான். சுமையா கூடையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எங்க பூனை இல்லக்கா. எங்களது கருப்பு" என்று சொல்லிவிட்டு, வெறும் கூடையோடு திரும்பிவிட்டாள்.

8

இப்போது நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சுமையாவுக்கு இது தெரியாது.

பூனைக்கு ரத்தம் எடுத்த அன்று, சுமையா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உள்ளே குல்ஃபியைப் பிடித்துக்கொண்டிருந்த ஃபாஜில் பரிதியிடம் மெதுவாகக் கேட்டானாம்.

"டாக்டர், எப்படியாச்சும் இது வீட்டுலயே இருக்க வழி பண்ணுங்க. எனக்கு இது இல்லாம அவகிட்ட பேச வராது."

பரிதிக்குப் புரியவில்லை.

"போன்ல பேசிப் பேசியே பழகிட்டேன் டாக்டர். நேர்ல அவ மூஞ்சியப் பாத்தா வாய் வரமாட்டேங்குது. கண்ணுன்னு கூப்பிடணும்னு வருவேன், இந்தான்னு வந்துரும். பூனைகிட்ட சொன்னா அடுப்படியில அவளுக்குக் கேக்கும்ல? அவளுக்குக் கேக்கட்டும்னுதான் சொல்றது. சாப்பாடு நல்லாயிருக்குங்கிறதும் அப்படித்தான். அது எங்க கோலா உருண்டையக் கண்டுச்சு?"

எங்கள் பக்கம் ஜாடை பேசுவது என்று ஒன்று உண்டு. மாமியார் மருமகளைத் திட்ட வேண்டுமானால் கோழியைத் திட்டுவாள். அந்த வித்தையை வசவுக்கு இல்லாமல் கொஞ்சலுக்கு எடுத்துக்கொண்ட ஆளை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அவன் செய்த ஒரே தப்பு, ஜாடை சரியாகப் போய்ச் சேருகிறது என்று நம்பியதுதான்.

நான் நினைத்தால் இதைச் சுமையாவிடம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அவள் என் கதையில்தான் இருக்கிறாள். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூன்றாம் பகுதியிலேயே கதை முடிந்திருக்கும், நான் எதை எழுதுவது? தவிர, இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அப்படி யாரும் ஜாடையாகக்கூடச் சொன்னதில்லை.

9

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) குறுவை முடிந்து, மழை வந்து, கொள்முதல் நிலையத்தை மூடிவிட்டார்கள். நெல் இல்லை, எலி இல்லை. பூனை எங்கோ போயிற்று, யாருக்கும் தெரியாது. குழந்தை பிறக்கிறது. ஃபாஜில் குழந்தையைத் தூக்கி, "கண்ணு" என்கிறான். சுமையா திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

[பெற்ற குழந்தையின் மேலுமா பொறாமை? வேண்டாம்.]

(ஆ) ஆட்டோக்காரர் கடைக்கு மின்விசிறி பழுதுபார்க்க வந்து, பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறார். ஃபாஜில் வீட்டுக்கு வந்து—

[வந்து என்ன செய்வான்? அவனுக்குத்தான் எதிரே நின்று பேச வராதே. திட்டக்கூட அவனுக்கு ஒரு பூனை வேண்டும்.]

(இ) தை மாதம். சுமையாவுக்கு எட்டாம் மாதம். சாயங்கால வெயில் இன்னும் இருக்கிறது. கூடத்தில் ஃபாஜில் யாருடைய ரிமோட்டையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பின்வாசல் கதவில் சின்னதாக ஒரு சுரண்டல். சுமையா போய்க் கதவை ஒருக்களித்துப் பார்க்கிறாள். படியில் குல்ஃபி. வெள்ளை எல்லாம் சேற்று நிறமாகி, ஒரு காது கிழிந்து, அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நடுவில் அது எலி தின்றிருக்கும். பரிதி சொன்ன பரீட்சையை எழுதி முடித்துமிருக்கும். எப்படி இருந்தாலும் அவளுக்கு இனிப் பயம் இல்லை. மறுத்துச் சொல்ல டாக்டரின் துணை இல்லை. வெறும் பொறாமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்த வேண்டும். அல்லது திறக்க வேண்டும்.

உள்ளேயிருந்து ஃபாஜில் கேட்கிறான்: "இந்தா, யாரு அங்க?"

"யாரும் இல்ல மச்சான்" என்று சொல்லலாம். "உங்க கண்ணு வந்துருக்கு" என்றும் சொல்லலாம்.

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள்.

10

இங்கே நிறுத்தி மதிவதனிக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பு அணைந்திருந்தது. சத்தியமாக. அவள் கை துடைக்கிற துணியை மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கலங்கியது.

பிறகு அவள் கேட்டாள்: "பூனை ரொம்ப இளைச்சுப்போச்சா?"

இதே கேள்வியோடுதான் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள், இல்லையா? காது கிழிந்ததே, ஆறுமா, பசியோடு வந்திருக்குமே, உள்ளே விடுவாளா. எனக்குத் தெரியும். ஐந்தாம் பகுதியிலேயே உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டேன். குல்ஃபி மேல் எனக்கு இருந்த கோபம் அவ்வளவும் உங்கள் மேல் திரும்பியது. பிறகு (இ) பகுதியை மறுபடி படித்துப் பார்த்தேன். பூனையின் காதைப் பற்றி எழுதியிருக்கிறேன், நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறவளைப் பற்றி, நிற்கிறாள் என்பதற்குமேல் ஒரு சொல் இல்லை. அவளுக்காகவே எழுதுகிறேன் என்று கிளம்பியவன் நான்.

அதனால் முடிவை நான் எழுதவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன், ஆனால் கதவுக்கு நேராகப் போய்விடாதீர்கள்.

எட்டாம் மாதம். இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. ஒன்பதாம் பகுதியிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள், நாம்தான் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பின்னால் அந்த நீல நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பூனை உட்கார்ந்த இடம் என்று அவள் உட்காருவதில்லை. சுமையா உட்காருகிற இடம் என்று ஃபாஜில் உட்காருவதில்லை. ஒருவர் காரணம் இன்னொருவருக்குத் தெரியாது, உங்களுக்கு இப்போது தெரியும். எட்டாம் பகுதியில் ஃபாஜில் சொன்னதும் தெரியும்.

பூனை கொஞ்சம் காத்திருக்கட்டும், ஒன்றும் ஆகிவிடாது. நாற்காலியை இழுத்து அவளுக்குப் போடுங்கள். கால் வலிக்கிறதா என்று கேளுங்கள். அவள் உட்கார்ந்த பிறகு மற்றதைச் சொல்லுங்கள்.